அணைத்து வைத்த டிஜிட்டல் வெர்னியரில் மின்கலம் தீர்தல்

விலை குறைந்த டிஜிட்டல் வெர்னியர் அளவிகள் பலவற்றில் அணைப்புப் பொத்தானை அழுத்தினால் திரை மட்டுமே அணைகிறது. நகரும் தாடையின் இடத்தை மின்தேக்குத்திறன் மாற்றத்தைக் கொண்டு உணரும் சுற்று, சுழி நிலையை இழக்காதிருக்கத் தொடர்ந்து இயங்குகிறது. திரவப் படிகத் திரை எடுப்பது மிகச் சிறிதளவு மின்னோட்டமே. எனவே அதை அணைப்பதால் மிச்சமாவதும் சொற்பம்.

சுற்று 20 மைக்ரோஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஏறத்தாழ 175 மில்லிஆம்பியர்-மணி செலவாகும். எல்ஆர்44 காரப் பொத்தான் மின்கலத்தின் கொள்ளளவோ ஏறக்குறைய 120 தான். அளவியைத் தொடாமலேயே எட்டு மாதங்களில் அது தீர்ந்துவிடும். கடைக்காரர் பழைய மின்கலத்தைத் தந்துவிட்டார் என்பது பெரும்பாலும் வீண்பழி.

நெடுநாள் பயன்படுத்தாதபோது மின்கலத்தைக் கழற்றி வைக்கலாம். மீண்டும் பொருத்தியதும் தாடைகளை மூடிச் சுழியாக்க வேண்டும். கழற்றிய மின்கலம் குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.