ஏற்றமும் எண்ணெயும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருஞ்சாலையில், கடுகண்ணாவை ஏற்றத்தின் முடிவில், கோபுரம் ஒன்று நிற்கக் காணலாம். அச்சாலையை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. 1867இல் இருப்புப்பாதை கண்டியை எட்டும்வரை, மலைநாட்டுக் கோப்பியை மாட்டுவண்டிகளே இவ்வழியாகக் கொழும்புக்கு இறக்கின. வண்டியின் அச்சு தேயாதிருக்க இடும் கரிய பசைக்கு 'மசகு' என்று பெயர். இன்று நம் செய்தித்தாள்கள் கச்சா எண்ணெயையே மசகு எண்ணெய் என்று எழுதுகின்றன. சொல்லின் பொருள் சற்று விலகினும் மசகின் தொழில் விலகவில்லை. ஒன்றோடொன்று உராயும் இரும்புகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்வைத் தடுப்பதே அதன் தொழில்.

அந்தப் படலத்தின் அருமையை என் நண்பர் ஒருவர் கடுகண்ணாவையிலேயே கற்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹந்தானைச் சரிவில் வீடு, முப்பது ஆண்டுகளைக் கடந்த கார். சனிக்கிழமை தோறும் வீட்டு முற்றத்தில் காரின் மூடியைத் திறந்து, அளவு கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பார்ப்பார். எண்ணெய் எப்போதும் மேற்கோட்டைத் தொட்டு நிற்கும். ஒரு நாள் கொழும்பிலிருந்து திரும்புகையில், ஏற்றத்தின் நடுவே சிவப்பு விளக்கு எரிந்தது. "கோபுரம்வரை போய்விடலாம்" என்று எண்ணினார். கோபுரம் தெரியுமுன்பே எஞ்சின் நின்றுவிட்டது.

"போலி ஒயிலை விற்று என்னை ஏமாற்றிவிட்டார்கள், தம்பி" என்று என்னிடம் புலம்பினார். கராஜில் எண்ணெயை வடித்துப் பார்த்தவர் வேறு சொன்னார்: "மாஸ்டர், ஒயிலில் குற்றமில்லை. நாலு லீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு லீற்றர்கூட இல்லை."

பொய் சொன்னது எண்ணெய் அன்று, முற்றத்தின் சரிவுதான். சரிவில் நிற்கும் காரில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு கம்பி அப்பக்கத்தில் இருந்தால் குறைவும் நிறைவாகத் தெரியும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எண்ணெய் கீழே வடியச் சில நிமிடம் பொறுத்துப் பார்த்த அளவே மெய்யளவு. கண்டியில் சமதரை அரிது. ஆகவே அதைத் தேடிப் போய் அளப்பதே அறிவு. ஏற்றத்தில் எஞ்சின் நின்றதற்கும் இதுவே காரணம். இருந்த சிறிதளவும் தொட்டியின் பின்புறம் ஒதுங்க, எண்ணெயை உறிஞ்சும் குழாய் காற்றை உறிஞ்சிற்று. சிவப்பு விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவையன்று, அழுத்தத்தை. அது எரிந்தால் அக்கணமே காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். கோபுரம் காத்திருக்கும், எஞ்சின் காத்திராது.

சரி, எண்ணெய் எங்கே போயிற்று? அதற்கு இரு வழிகளே உண்டு: ஒழுகுதல், எரிதல். ஒழுக்கைக் கார் நிறுத்திய இடத்துத் தரை காட்டிக் கொடுக்கும். எரிவதை நீலப் புகை காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியின் அடையாளம். விடாது வரும் அடர்ந்த வெண்புகை பெரும்பாலும் குளிரூட்டும் நீர் உட்புகுந்ததன் அடையாளம். நீலப் புகையின் மூலத்தை அறிய நம் மலைச்சாலையே நல்ல பரீட்சைக் கூடம். மாவனல்லைப் பக்கம் இறங்கும்போது கியரைக் குறைத்து அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுக்கிறோம். அப்போது பெற்றோல் எஞ்சினின் காற்றுக் குழாயில் வெற்றிடம் மிகும். வால்வுத் தண்டின் சீல்கள் தேய்ந்திருந்தால் அவ்விடுக்கினூடாக எண்ணெய் உறிஞ்சப்படும். இறக்கம் முடிந்து அக்ஸிலேற்றரை மிதித்ததும் நீலப் புகை பொங்கி அடங்கினால், குறை பெரும்பாலும் வால்வில். ஏற்றம் முழுவதும் புகை தொடர்ந்தால் பிஸ்டன் வளையங்களை ஐயுற வேண்டும்.

எஞ்சின் சிறிது எண்ணெய் உண்பது இயல்பே. 1000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர்வரை பொறுக்கலாம் என்று கூறும் உற்பத்தியாளரும் உளர். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு லீற்றர் கொள்ளும் எஞ்சின் அவ்விதம் உண்டால், ஒன்பது முறை கொழும்புக்குப் போய்வருவதற்குள் பாதி தீர்ந்துவிடும். 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும் என்றிருப்பவர், இடையில் ஊற்ற வேண்டியதை மறக்கலாகாது.

இனி, எந்த எண்ணெய்? தகரத்தின் மேல் 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 என்றிருக்கும் எழுத்துகள் மந்திரமல்ல. 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதன் முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைச் சொல்லும். பின்னுள்ள எண், 100 பாகை செல்சியஸ் சூட்டில் அதன் தடிப்பைச் சொல்லும். தை மாதப் பனியிலும் நீர் உறையாத கண்டியில் பின் எண்ணே பெரிதும் கவனிக்கத்தக்கது. ஏ.பி.ஐ. என்ற தரக்குறியில் 'எஸ்' பெற்றோல் எஞ்சினுக்கும் 'சி' டீசல் எஞ்சினுக்கும் உரியவை.

மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலக் கார்களுக்கு 20டபிள்யூ-50 பொருந்தும். அதையே புதிய ஹைபிரிட் காருக்கு ஊற்றுவது தவறு. அவற்றுட் பல 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெய்க்கென்றே அமைந்தவை. தேய்ந்த எஞ்சினுக்குச் சற்றுத் தடித்த எண்ணெய், கையேடு இடந்தரும் எல்லைக்குள், செலவைக் கொஞ்சம் குறைக்கும். தேய்ந்த வளையத்தை வளர்க்காது. விலையுயர்ந்த செயற்கை எண்ணெய் சூட்டை நன்கு தாங்கும். ஆனால் ஒழுகும் எஞ்சினில் அது ஒழுகும் பணமே.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில், பழைய காரைக் காப்பதே சிக்கனம் என்பதைப் பலரும் உணர்ந்தனர். நண்பரும் தம் ஓய்வூதியச் சேமிப்பைச் செலவிட்டு எஞ்சினைத் திருத்தினார். இப்போது அவர் அளப்பது முற்றத்திலன்று, சமதரையில். தேதியும் தூரமும் ஊற்றிய அளவும் ஒரு கொப்பியில் ஏறுகின்றன; மாணவரின் புள்ளிகளை எழுதிய அதே கையெழுத்தில்.

உப்பு வணிகரான உமணர், வழியில் அச்சு முறிந்தால் உதவுமென்று வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டால் அறிகிறோம். நண்பரின் காரின் பின்பெட்டியிலும் இப்போது ஒரு லீற்றர் எண்ணெய் இருக்கிறது. "இது என்ன, மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"சேம அச்சு" என்றார்.