யூனிட்டுக்கு ஒரு விலை, இடத்துக்கு ஒரு விலை

தமிழ்நாடு அரசின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை மின்வாகன நகரங்களாகத் தேர்ந்தெடுத்த ஆறு நகரங்களில் திருநெல்வேலியும் ஒன்று. பேருந்து நிலையம், பூங்கா, மாநகராட்சி வளாகம் என்று பொது இடங்களில் சார்ஜர்கள் பெருகப் பெருக, அவற்றை இலவசமாக விடுவதா, காசு வாங்குவதா, வாங்கினால் எதற்கு வாங்குவது என்ற கேள்வி இங்கும் எழும். யூனிட் கணக்கு மட்டும் பார்ப்பது போதாது என்பதே என் கட்சி. அதற்கான காரணம் சார்ஜர் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

பேட்டரிக்குள் போவது டிசி மின்சாரம். கம்பத்திலிருந்து வருவது ஏசி. ஏசியை டிசியாக மாற்றும் வேலையை மெதுவான சார்ஜரில் வண்டிக்குள் இருக்கும் கருவியோ, ஸ்கூட்டரோடு தரும் அடாப்டரோ செய்துவிடும். சுவரில் இருக்கும் பெட்டிக்கு மீட்டரும் பாதுகாப்பும் உள்ள ஸ்விட்சின் வேலைதான், அதனால் விலையும் குறைவு. வேகச் சார்ஜரில் மாற்றும் கருவி முழுவதும் வெளியே, அந்தப் பெரிய பெட்டிக்குள் இருக்கிறது. செலவு பல மடங்கு. பல நேரம் தனி டிரான்ஸ்பார்மரும் வேண்டும். 40 யூனிட் பேட்டரி கொண்ட காரை 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 24 யூனிட் போதும். 60 கிலோவாட் சார்ஜரில் அது ஏறக்குறைய அரை மணி நேர வேலை. 80ஐத் தாண்டினால் பேட்டரியைக் காப்பாற்ற வண்டியே வேகத்தைக் குறைத்துவிடும். நிறைந்த பிறகும் கார் நகராவிட்டால் மீட்டர் ஓடாது, பின்னால் நிற்பவருக்கும் வழியில்லை. அரசு நிலத்துக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் பங்கு என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல் சொன்னது. அந்தக் கணக்கில், சும்மா நிற்கும் காரால் மாநகராட்சிக்கு வருவது பூஜ்யம். டெஸ்லா நிறுவனம் 2016 இறுதியிலேயே இப்படி நிற்கும் கார்களுக்கு நிமிடக் கட்டணம் போட்டது. சார்ஜ் ஏற்றுவது மின் விற்பனை ஆகாது, அது ஒரு சேவை என்று அமைச்சகம் 2018இல் தெளிவுபடுத்திவிட்டதால், நேரத்துக்கும் விலை வைப்பதில் முரண் ஏதுமில்லை.

ஆனால் இதே நிமிடக் கட்டண விதியைப் பேருந்து நிலைய டூவீலர் ஸ்டாண்டில் போட்டால் அநியாயம். காலையில் வண்டியைப் போட்டுவிட்டு நாகர்கோவிலுக்கோ தூத்துக்குடிக்கோ வேலைக்குப் போகிறவர் திரும்புவது சாயங்காலம். 3 யூனிட் ஸ்கூட்டருக்கு நாலைந்து மணி நேர மெதுவான சார்ஜ் தாராளம். வேகப் பெட்டி அங்கே வெட்டிச் செலவு. நேரமும் தோதாக அமைகிறது: அதே அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல்படி, காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜிங் நிலையத்துக்கான மின்விலை சராசரி அடக்கவிலையில் 0.7 பங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. அடக்கவிலை 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பகலில் 7, இரவில் 13. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நெல்லையில் இந்தப் பகல் விலை அப்படியே ஸ்கூட்டர்காரர் கைக்கு வர வேண்டும். ஸ்டாண்டு வாடகை ஏற்கெனவே வாங்குவதால் இடத்துக்கு இன்னொரு கட்டணம் தேவையில்லை.

இலவசமாகக் கொடுத்தால்தானே மக்கள் மின்வாகனத்துக்கு மாறுவார்கள் என்பார்கள். தொடக்கத்தில் அது உண்மைதான். மின்கார்களின் தலைநகர் என்று பேர்பெற்ற ஆஸ்லோவும் நகராட்சிச் சார்ஜர்களை முதலில் இலவசமாகத்தான் விட்டது, 2019இல் கட்டணத்துக்கு மாறியது. இலவசம் என்றால் வீட்டில் சார்ஜ் வசதி உள்ளவரும் அங்கேதான் வந்து நிற்பார். செலவு மட்டும் பஸ்ஸில் போகிறவரின் வரியிலிருந்தும் போகும். கட்டணம் ஆட்டோக்காரருக்குப் பாரமாகாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. அவருக்கு இலவச மின்சாரத்தைவிட முக்கியம், சவாரிக்கு நடுவே போனால் சார்ஜர் காலியாக இருப்பது. நிறைந்த பின் கால் மணி நேரம் சலுகை, இரவில் விலக்கு என்று வைத்தால் நிமிடக் கட்டணம் அவர் பக்கம்தான் நிற்கும். குற்றால சீசனிலும் திருச்செந்தூர் விழாக்களிலும் நெல்லை வழியாக வெளியூர்க் கார்கள் குவியும்போது இதன் அருமை தெரியும். வேகச் சார்ஜருக்கு டெண்டர் விடும்போதே மாநகராட்சி இந்த நிமிடக் கட்டணத்தை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். பகல் விலையையும் இரவு விலையையும் சார்ஜர் பக்கத்திலேயே தமிழில் பலகையாக மாட்ட வேண்டும்.