மக்கள் எழுச்சியும் அயலார் தராசும்

மக்கள் கொதித்தெழும்போது அயல்நாடுகள் யார் பக்கம் நிற்கும்? நீதியின் பக்கம் என்று எண்ணிக்கொள்வது மனத்துக்கு இனிது. இலங்கையின் சரித்திரமோ வேறு விடை கூறுகிறது. வத்தேகம, பன்வில ஊர்களைக் கடந்து மடுல்கெல்லத் தேயிலை மலையில் நின்று நோக்கும் எனக்கு அவ்விடை தெளிவாகவே தெரிகிறது.

1971 ஏப்ரல் 5ஆம் நாள் மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு தேர்தலில் வென்று வந்தது. அதனைக் கொடுங்கோலாட்சி என்று கூறிவிட முடியாது. ஆயினும் எழுந்தவருள் பெரும்பாலோர் வேலையற்ற கிராமத்துப் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் மாண்டனர். பிரிட்டனும் அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒருங்கே அரசுக்குத் துணைநின்றன. அவ்வாண்டு டிசம்பரில் போர்க்களத்தில் மோதிய இந்தியாவும் பாகிஸ்தானும்கூட ஏப்ரலில் அதே அரசுக்கு ஹெலிகொப்டர்கள் அனுப்பின. புரட்சியின் நாடான சீனா வட்டியில்லாக் கடன் வழங்கிற்று! கொள்கைகள் வேறு; தராசு ஒன்றே.

2022இல் காட்சி மாறிற்று. இருபதாவது திருத்தத்தின் மூலம் அதிகாரத்தைத் தம் கையில் குவித்துக்கொண்டவர் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. 2021இல் அவர் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது தேயிலைக் கொழுந்தும் குறைந்தது. கொழுந்து பறிப்பவரின் வருவாயும் குறைந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. ஜூலை 9ஆம் நாள் மக்கள் ஜனாதிபதி மாளிகையினுள் புகுந்தனர். 13ஆம் நாள் அவர் மாலைதீவுக்கும், மறுநாள் சிங்கப்பூருக்கும் சென்றார்.

இம்முறை அயல்நாடுகள் ஆயுதம் அனுப்பவில்லை. இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்கு உதவிற்று. சீனா 50 கோடி யுவான் அறிவித்தது. தமிழ்நாட்டு அரசு 40,000 தொன் அரிசி ஒதுக்கிற்று. பசித்த வயிறு அதனை நன்றியோடு நினைக்கும். ஆனால் ஜூலை 22ஆம் நாள் விடியுமுன் காலிமுகத்திடலில் படையினர் இளைஞரைத் தாக்கியபோது, மேலைநாட்டுத் தூதுவர்கள் கவலை தெரிவித்தனர், அவ்வளவே. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடனுக்கு இசைந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டாயிற்று. மாளிகையைக் கண்டும் அறியாத தோட்டத் தொழிலாளியும் கடைக்குச் செல்லும்போதெல்லாம் அவ்வரியைச் செலுத்துகிறார்.

மலையகத்தாருக்கு இத்தராசு புதிதன்று. 1964இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என எங்களைப் பங்கிட்டனர். எங்களுள் எவரையும் கேட்கவில்லை.

அயலாரின் அரிசியை வேண்டாமென்பது பேதைமை. அவர்கள் நமக்காக நீதி கேட்பார்கள் என்று காத்திருப்பது அதனினும் பெரிய பேதைமை. மாளிகைக் கதவைத் திறந்தவர்கள் இந்நாட்டு மக்களே. அதன்பின் எழுதப்படும் கணக்கில் எவர் பெயரில் எவ்வளவு சுமை என்று கேட்க வேண்டியவர்களும் அவர்களே. மாணவர்க்கு நாம் சரித்திரம் கற்பிக்கையில் இக்கேள்வியையும் சேர்த்தே கற்பிப்போமாக.