பெல்லந்தூரில் பெய்தது பனியல்ல

அமெரிக்காவில் ஈரி ஏரியின் வெதுவெதுப்பான நீரைக் குளிர்காற்று கடக்கும்போது ஈரத்தை அள்ளிச் சென்று கரையில் பனியாகக் கொட்டும். 2022 நவம்பரில் பஃபலோ வட்டாரத்தில் சில இடங்களில் 6 அடிக்கு மேல் குவிந்தது. பெங்களூரில் தொம்மலூர்ப் பக்கத்துச் சாக்கடை போய்ச் சேரும் பெல்லந்தூர் ஏரியிலிருந்து சாலைக்குப் பறந்த வெண்மையோ வெறும் நுரை. சோப்புத்தூளின் வேதிப்பொருள்கள் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரோடு வந்து அடிச்சேற்றில் தங்குகின்றன. மதகில் நீர் விழுந்து காற்று கலந்ததும் பொங்குகின்றன. வண்டியோட்டிகளின் முகத்தில் அப்பிய அந்த நுரை, 2015 மே மாதம் தீப்பற்றியும் எரிந்தது.

மழை பெய்தால்தானே பொங்குகிறது, இயற்கைதானே என்று கேட்கலாம். மழை சேற்றைக் கலக்குகிறது, அவ்வளவுதான். சோப்பு நம் வீடுகளிலிருந்து வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் சுற்றுவட்டார ஆலைகளை மூடச் சொன்னது நியாயமே. ஆனால் வீட்டுச் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் நுரை அடங்காது.