எந்தக் கோடையை வைத்து வீட்டைச் சோதிப்பது?

குளிருக்கு அஞ்சியே காலங்காலமாக வீடு கட்டிவந்த இங்கிலாந்தில், புதிய குடியிருப்புகள் கோடையில் அளவுக்கு மீறிச் சூடேறாதபடி அமைய வேண்டும் என்பது 2022 ஜூன் 15 முதல் கட்டட விதிகளில் இடம்பெற்றுள்ளது. ‘ஓ’ பிரிவு எனப்படும் அவ்விதி நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட நிறையாத ஜூலை 19 அன்று, லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவாகி, பிரிட்டனின் வெப்பநிலை முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது.

குளிர்காலத்தில் வெப்பம் வெளியேறாமல் காக்கும் தடித்த காப்புறையும் காற்றுப் புகாத கட்டுமானமும், பெரிய கண்ணாடி வழியே உள்ளே நுழைந்த வெயிலைக் கோடையிலும் அதே அக்கறையோடு அடைத்துவைக்கின்றன. ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல் உள்ள அடுக்ககங்களில் காற்று குறுக்கே ஓட வழியில்லை. போதாக்குறைக்கு, பொது வெந்நீர்க் குழாய்கள் நடைகூடம் வழியே ஆண்டு முழுவதும் சூட்டைக் கசியவிடுகின்றன.

இந்த ஆபத்தைக் கட்டுவதற்கு முன்பே கணிப்பதற்கு, கட்டடத்தைக் கணினியில் மாதிரியாக அமைத்து, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் ஒவ்வோர் அறையின் சூட்டையும் கணக்கிடுகிறார்கள். அவ்வாறு கணக்கிடப்படுவது வெறும் காற்றின் வெப்பநிலை அன்று. காற்றின் சூட்டோடு, சுவரும் கூரையும் கண்ணாடியும் உடலின்மீது வீசும் அனலையும் சேர்த்துப் பெறும் ‘செயல் வெப்பநிலை’ ஆகும். கட்டடச் சேவைப் பொறியாளர்களின் அமைப்பான சிப்ஸி 2017இல் வெளியிட்டதும் ‘ஓ’ பிரிவு ஏற்பதுமான டிஎம்59 என்னும் வழிமுறை, இயற்கைக் காற்றோட்டத்தை நம்பும் வீடுகளுக்கு இரண்டு வரம்புகளை விதிக்கிறது. முதலாவது வரம்பு வெளி வானிலையோடு சேர்ந்து நகர்வது: சில நாள் வெயிலில் பழகிய உடல் கூடுதல் சூட்டைத் தாங்கும் என்பதால், அண்மை நாள்களின் வெளிச் சராசரி 20 டிகிரியாக இருந்தால் உள்ளே 28.4 டிகிரி வரை ஏற்கத்தக்கது எனக் கொண்டு, அதை ஒரு டிகிரியோ அதற்கு மேலோ மீறும் நேரம் மே முதல் செப்டம்பர் வரை ஆள் இருக்கும் நேரத்தில் 3 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்கிறது. இரண்டாவது வரம்பு படுக்கையறைக்கு மட்டும் உரியது: இரவு 10 முதல் காலை 7 வரை 26 டிகிரியைத் தாண்டும் நேரம் ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழ்நாட்டு வாசகருக்கு 26 டிகிரி இரவு கொடுப்பினையாகத் தோன்றலாம். ஆனால் இங்கிலாந்தில் உடலும் போர்வையும் வீடும் வேறு வானிலைக்குப் பழகியவை.

வரம்புகளைவிட முடிவைத் தீர்மானிப்பது, கணினிக்கு ஊட்டப்படும் வானிலைக் கோப்புதான். லண்டனுக்கு மூன்று கோடைகள் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன: ஓரளவு வெப்பமான 1989, குறுகிய காலமே நீடித்தாலும் கடுமையான 2003, அதாவது பிரான்ஸில் மட்டும் ஏறத்தாழ 15,000 உயிர்களைப் பறித்த கோடை, நீண்டு வாட்டிய 1976. நடந்து முடிந்த இந்தக் கோடைகளின் மணிவாரிப் பதிவுகளை, பருவநிலைக் கணிப்புகள் சொல்லும் அளவுக்கு உயர்த்தியும் நீட்டியும் எதிர்காலக் கோப்புகள் உருவாக்கப்படுகின்றன. ஆனால் டிஎம்59 கட்டாயமாகக் கேட்பது, மூன்றில் மிதமான முதல் வகைக் கோடையை 2020களுக்கு நகர்த்திய கோப்பில் தேறுவதை மட்டுமே. 2050களுக்கும் 2080களுக்கும் கோப்புகள் இருந்தும், அவற்றில் தோற்கும் வீட்டையும் கட்டலாம். இரண்டு தலைமுறைக்கு நிற்கப்போகும் கட்டடத்தை 2020களின் கோப்பால் அளப்பதே இம்முறையின் மிகப் பெரிய பலவீனம்.

மற்றொரு சிக்கல் ஜன்னலில் இருக்கிறது. அறை 22 டிகிரியைத் தாண்டியதும் குடியிருப்போர் ஜன்னலைத் திறப்பார்கள் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. சாலையோர வீட்டிலோ, திருடனுக்கு அஞ்சும் தரைத்தளத்திலோ அப்படி நடப்பதில்லை. இதை உணர்ந்தே ‘ஓ’ பிரிவின் வழிகாட்டி ஆவணம், படுக்கையறையில் இரவு இரைச்சலின் சராசரி 40 டெசிபலைத் தாண்டினால் ஜன்னல் மூடியிருக்கும் என்றே கொள்ளச் சொல்கிறது. உட்புறத் திரைகளையும் மரநிழலையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை. திரையைக் குடியிருப்பவர் கழற்றிவிடலாம், மரம் பட்டுப்போகலாம். ஏசி பொருத்தலாம் என்றாலும், வெளிப்புற நிழலமைப்பு, சிறிய கண்ணாடி, குறுக்குக் காற்றோட்டம் போன்ற மின்சாரம் கேட்காத வழிகளை இயன்றவரை கையாண்ட பிறகே அதற்கு இடமுண்டு. இத்தனையும் புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளுக்கே பொருந்தும்; 2022 கோடையில் மக்கள் புழுங்கிய பழைய வீடுகள் எதையும் இந்த விதி தொடவில்லை.