குளிர்கால ஒளியில் கோடியக்கரை மான்கள்: ஒளிப்படம் எடுக்கும் முறை

கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம் நாகப்பட்டினம் மாவட்டத்தில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் உள்ளது. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 75 கி.மீ. குளிர்காலத்தில் கேமராவுடன் வருவோரில் பலர் பூநாரைகளையும் பிற வலசைப் பறவைகளையும் தேடி வருகிறார்கள். மான்களை எடுப்பதற்கும் அதுவே நல்ல பருவம்.

இங்கே இரண்டு வகை மான்கள் உண்டு. திறந்த புல்வெளியில் மேய்வது வெளிமான்; காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் இருப்பது புள்ளிமான். விலங்கியல்படி வெளிமான் உண்மையான மான் அன்று, இரலை வகையைச் சேர்ந்தது. புள்ளிமானின் கிளைக்கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு உதிராது. இந்த வேறுபாடு படம் எடுப்பவருக்கும் முக்கியம். வாழும் இடம் வேறு, உடல் நிறம் வேறு என்பதால் இரண்டுக்கும் ஏற்ற வெளிச்சமும் வேறு.

மார்கழி, தை வெயில்

கோடியக்கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருப்பதால், ஏப்ரல் மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். டிசம்பர் 21ஐ ஒட்டி அதே நண்பகலில் தெற்கே சாய்ந்து, சுமார் 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். காலை 8 மணிக்கு ஏப்ரல் நடுவில் 28 பாகை என்றால் டிசம்பரில் 20 பாகைதான். சாய்ந்த வெயில் விலங்கின் பக்கவாட்டில் விழுகிறது. வயிற்றின் அடியும் கண்குழியும் கூடத் தெரிகின்றன. கோடை வெயிலில் முதுகு மட்டும் பளபளத்து முகம் இருண்டுவிடும். குளிர்காலத்தில் நல்ல ஒளி இன்னும் சற்று நேரம் நீடிப்பது இதனால்தான்.

சூரியன் உதிப்பது டிசம்பர் கடைசியில் 6.20க்கு மேல், ஜனவரி இறுதியில் ஆறரையை ஒட்டி. அதற்கு முன் அங்கே இருக்க வேண்டும். சரணாலயத்துக்குள் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை வனத்துறையிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு உப்பளத் தரைக்கு மேல் கானல் அலையும். அந்த நேரத்தில் தூரத்து மானை எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் தெளிவாக எடுக்க முடியாது.

குளிர்சாதனக் காரிலிருந்து ஈரக்காற்றுக்குள் கேமராவைத் திடீரென எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும். வந்து சேரும் முன்பே கண்ணாடியை இறக்கிவிடுவது நல்லது.

கறுப்பும் வெள்ளையும்

வெளிமான் கிடாவைப் படமெடுப்பதில் உண்மையான சிக்கல் அதன் உடலிலேயே இருக்கிறது. முதுகும் முகமும் கரும்பழுப்பு அல்லது கறுப்பு. வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளை. கேமராவின் ஒளிமானிக்கு இது மான் என்று தெரியாது. முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கறுத்த கிடா படத்தை நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளை வயிறு வெளுத்துப்போகும். பின்னால் பளிச்சென்ற உப்புத்தரை இருந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும். கிடா வெறும் நிழலுருவாகிவிடும்.

இதைப் பழக கோடியக்கரை வரை போக வேண்டியதில்லை. நம் வயல்களில் எருமை முதுகில் உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருக்கிறதே, அதைவிட நல்ல பாடம் கிடையாது. காலை வெயிலில் நின்று ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கொக்கின் இறகுகள் தெரியாமல் வெள்ளைத் தாள் போலிருக்கும். எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு படி குறைத்து மீண்டும் எடுங்கள்; இறகு தெரியும்வரை இப்படிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எருமை சற்று இருண்டுதான் இருக்கும். பரவாயில்லை. இருண்ட பகுதியில் பதிந்திருக்கும் விவரத்தைப் பிறகு ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போன இடத்தில் மீட்க ஒன்றுமே பதிந்திருக்காது. கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் கொக்கைத் தொட்டு, அருகில் தோன்றும் வெளிச்சக் குறியைக் கீழே இழுத்தால் போதும். ஒரு வாரம் எருமையும் கொக்கும் எடுத்தவருக்கு வெளிமான் புதிதாக இருக்காது.

அடுத்தது கண். கறுத்த முகத்தில் கறுத்த கண் தனியாகத் தெரிவதில்லை. சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் சற்றே பக்கவாட்டில் இருக்கும்படி நின்று, மான் ஒளியை நோக்கித் தலை திருப்பும் வரை காத்திருங்கள். கண்ணில் ஒரு மின்னல் புள்ளி விழும். அந்தக் கணத்தில் படம் உயிர் பெறுகிறது. கொம்பின் வளையங்களும் பக்கவெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். வெளிர்ப்பழுப்பான பெண் மானையும் குட்டியையும் எதிர்வெயிலில் எடுத்துப் பாருங்கள். காது மடல்கள் ஒளி ஊடுருவிச் சிவந்து தெரியும்.

புள்ளிமானுக்கு இந்த வெயில் ஆகாது. மரநிழலில் சிதறி விழும் ஒளிப்பொட்டுகளும் உடலின் வெள்ளைப் புள்ளிகளும் ஒன்றாகக் குழம்பிவிடும். மேகமூட்டமான காலை அதற்கு ஏற்றது. மழை விட்ட மார்கழி நாட்களில் அப்படிப்பட்ட காலை அடிக்கடி கிடைக்கும்.

நடக்கும் மானுக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 500இல் ஒரு பங்கு போதும். துள்ளி ஓடும் மானுக்கு 2000இல் ஒரு பங்காவது வைக்க வேண்டும்.

எவ்வளவு அருகில்?

படத்தைக் கெடுப்பதில் கேமராவைவிட நம் கால்களின் பங்கு அதிகம். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலை தூக்கி ஒரே திசையில் பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். ஒரு மான் செங்குத்தாக எம்பிக் குதித்தால் கூட்டம் முழுதும் போய்விடும். உங்களுக்கு மிஞ்சுவது பின்பக்கப் படம்தான். 300 மி.மீ. லென்ஸுடன் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பவருக்குக் கிடைப்பது, 600 மி.மீ. லென்ஸுடன் துரத்துபவருக்குக் கிடைப்பதில்லை. வெளிமான் தாய் தன் குட்டியைப் புல்லில் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும். தனியாகப் படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் அது கைவிடப்பட்டது என்று எண்ணித் தூக்கக் கூடாது, படம் எடுக்கச் சுற்றி நிற்கவும் கூடாது. ஆள் நின்றால் தாய் திரும்பத் தயங்கும். நரிகள் உலவும் காடு இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமான் உள்ளது. சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதும் அதே சட்டப்படி குற்றம்.

முகத்தை மட்டும் நிரப்பிய படத்தை எல்லோரும் விரும்புகிறார்கள். மானைச் சிறிதாகவும் நிலத்தைப் பெரிதாகவும் காட்டும் படமே அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது இக்காட்டின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. முன்பு காடு எப்படி இருந்தது என்பதற்கு, யாரோ மானுக்காக எடுத்த பழைய படங்களின் பின்னணியும் இன்று ஒரு சான்று. சீமைக்கருவேலம் புல்வெளியில் எவ்வளவு பரவுகிறது என்பதையும், ஒரே இடத்திலிருந்து ஆண்டுதோறும் தை மாதம் எடுக்கும் அகன்ற படம் காட்டிவிடும். தேதி, நேரம், இடத்தைக் குறித்து வையுங்கள்.

கணினியில் திருத்தும்போது

வசதியிருந்தால் ரா கோப்பாகப் பதியுங்கள். திருத்த இடம் அதிகம். தானியங்கி ஒயிட் பேலன்ஸ் காலை வெயிலின் மஞ்சளை வெளுக்கச் செய்யும். பகல் வெளிச்ச அமைப்பில் வைத்தால் பார்த்த நிறம் அப்படியே இருக்கும். நிழல்களை அளவோடு தூக்குங்கள். அளவு மீறினால் கறுத்த கிடா சாம்பல் ஆடாகிவிடும்!

நிறத்தை மாற்றுவதில்தான் கவனம் தேவை. வெளிமான் கிடா குட்டியில் பழுப்பாக இருந்து வயதேற ஏறக் கறுக்கும். பருவத்தைப் பொறுத்தும் கருமை கூடும், குறையும். பழுப்புக் கிடாவை அழகுக்காகக் கறுப்பாக்கினால், அதன் வயதையே மாற்றி எழுதியதாகிறது. நிறம் உறுத்தினால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களை அப்படித்தான் படம்பிடித்தார். அவர் படங்களில் யானைத் தோலின் சுருக்கங்களை எண்ணலாம்.