முகவரி மாறலாம், பெயர் மாறாது



வேலந்தாவளம் என்றதும் உங்களிற் பலருக்குச் சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். கோவைப் பக்கமிருந்து வந்தால் தமிழ்நாடு முடிந்து பாலக்காட்டு மாவட்டம் தொடங்கும் இடம் அது. சித்தூர்த் தாலுக்கா முன்பு கொச்சி அரசில் இருந்தது; இன்று கேரளத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பேச்சோ அன்றும் தமிழ், இன்றும் தமிழ்!

அங்கே தோப்பு வீட்டில் என் அம்மாயி தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு திண்ணைக்கு மேலே ஒரு காமிரா வைத்தோம். விடிந்ததும் அவர் எழுந்து வந்துவிட்டாரா என்று விடுதியிலிருந்தபடியே பார்க்க வேண்டும், ஆசை அவ்வளவுதான். வீட்டுக்குள் இருந்தால் படம் தெரிந்தது. இங்கே வந்தால் தெரியவில்லை. ஏன்?

காமிராவுக்கு ரௌட்டர் கொடுக்கும் 192.168 என்று தொடங்கும் எண், வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர் போன்றது. தெருவில் அது செல்லாது. தெருவுக்கு உரிய எண் ரௌட்டருக்குத்தான் உண்டு. அந்த எண்ணும் சொந்தமன்று, இரவல்! பழைய முறைப்படி உலகுக்கு மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்களே உள்ளன. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு எண் பங்கிடும் ஏப்னிக் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. எனவே மின்சாரம் போய் வந்தால் பழைய எண் போய்ப் புது எண் வரக்கூடும். நேற்றுக் குறித்துக்கொண்ட எண் இன்று யார் வீட்டுக் கதவைத் தட்டுமோ!

எண்ணை நினைவில் வைக்காமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கான ஏற்பாடே டிஎன்எஸ். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் அமைத்தது. அதற்கு முன் எல்லாப் பெயரும் ஒரே பட்டியலில் இருந்தன. கணினிகள் அதைப் படியெடுத்து வைத்துக்கொண்டன. பெயருக்கு நேரே உள்ள எண்ணை ஆள் கை படாமல் மாற்றும் முறை 1997-இல் வகுக்கப்பட்டது. டைனமிக் டிஎன்எஸ் என்பது இதுதான். அடிக்கடி வீடு மாறுகிறவர், முனையில் உள்ள மளிகைக் கடைக்காரரிடம் ஒவ்வொரு முறையும் புது விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போவதில்லையா? அதே வேலையை ரௌட்டர் செய்கிறது. டக் டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற இடங்களில் இலவசமாகவே பெயர் பதியலாம். நோ-ஐபியின் இலவசப் பெயரை மட்டும் முப்பது நாளுக்கொரு முறை உறுதி செய்ய வேண்டும். மறந்தால் பெயர் போய்விடும்.

பதிவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ரௌட்டர் தன் வெளிமுகவரி என்று காட்டும் எண்ணும், வெளியுலகம் காணும் எண்ணும் ஒன்றுதானா? 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் எண் இருந்தால், பல குடும்பங்கள் ஒரே வாசலில் குடியிருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது பெயர் பதிந்து பயனில்லை. பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபிவி6 வழியை நாட வேண்டும். எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. இரண்டு வாரம் வீண்! பிறகு கேட்டதும் பொது முகவரி கிடைத்தது, மாறுகிற முகவரிதான்.

பின்பு காமிராவின் உள் எண் மாறாதபடி ரௌட்டரில் நிலைப்படுத்தினேன். வெளியிலிருந்து வரும் அழைப்பைக் காமிராவிடம் அனுப்ப ஒரு போர்ட்டைத் திறந்தேன். படம் வந்தது! பெருமை தாங்காமல் விடுதி முழுவதும் பெயரைச் சொல்லித் திரிந்தேன். மறுநாள் காலை அடுத்த அறை நண்பன் வந்தான். "என்னடா, உங்க அம்மாயி கீரை ஆய்ஞ்சிட்டிருக்காங்க போல?"

காமிராவோடு வந்த கடவுச்சொல்லை நான் மாற்றவே இல்லை! எனக்கு உடம்பு கூசியது. அவன் நண்பன், சொன்னான். சொல்லாமல் பார்த்தவர் எத்தனை பேரோ?

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 2016-இல் மிராய் என்ற தீநிரல், அறுபதைச் சுற்றிய பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகளைக் கொண்டே எண்ணற்ற காமிராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-இல் அந்தப் படை தாக்கிய நிறுவனம் எது தெரியுமா? டின். டைனமிக் டிஎன்எஸ் சேவையால் பெயர்பெற்ற அதே நிறுவனம்! ட்விட்டர் உட்படப் பல தளங்கள் பலருக்கும் கிடைக்காமல் போயின.

நான் அன்றே போர்ட்டை மூடினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். தானாகக் கதவு திறந்துவிடும் யூபிஎன்பி வசதியையும் ரௌட்டரில் அணைத்தேன். இப்போது வீட்டில் வயர்கார்டு என்னும் விபிஎன் இருக்கிறது. திறவுகோல் இல்லாதவர் தட்டினால் அது பதிலே பேசாது. பெயர் இதற்கும் வேண்டும். கைப்பேசி வீட்டைத் தேடி வருவது அந்தப் பெயரைக் கொண்டுதான். முகவரி மாறிய நாளில் மட்டும் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்க வேண்டியிருக்கிறது.

நடந்ததை அம்மாயியிடம் சொல்லிவிட்டேன். அவர் கட்டளைப்படி காமிரா இப்போது திண்ணையைப் பார்ப்பதில்லை. வாசலையும் தேங்காய்க் களத்தையும் பார்க்கிறது. காலையில் ஆறு மணிக்கு அவர் வாசல் தெளிக்க வரும்போது ஒரு நிமிடம் தெரிவார்.